சுடாத தோட்டாவுக்கு ஏன் வழக்கு?

ராமநாதபுரம் மாவட்டச் செய்திப் பக்கத்தில் இப்படி ஒரு செய்தியைப் பலரும் படித்திருப்பார்கள். இரவு ரோந்து போன வனத்துறையினர் கருவேலங்காட்டு ஓரத்தில் இரண்டு பேரை மடக்கினார்கள். நாட்டுத் துப்பாக்கி, டார்ச் லைட், ஒரு பையில் ரவையும் (சின்னச் சின்னக் குண்டுகள்) கரிமருந்தும் பறிமுதல். இருவரும் கைது. செத்த முயல் கிடைக்கவில்லை, மயிலும் இல்லை, வெடிச்சத்தம் கேட்டதாகக்கூட யாரும் சொல்லவில்லை. மறுநாள் டீக்கடையில் கேள்வி கிளம்பிவிடும்: “சுடவே இல்லையே, பையில் இருந்ததுக்கா கேஸு?”

இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் இடுப்பு வாரில் வரிசையாகத் தோட்டா செருகிக்கொண்டு நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. அங்கே அது விடுமுறைப் பொழுதுபோக்கு, இங்கே குற்றமா?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சுட்ட தோட்டா ஒரு நொடியில் முடிந்துபோகும். கண்மாய்க்குள் இருட்டில் நடந்ததற்குச் சாட்சி இருக்காது. மடியில் மிச்சம் இருப்பது மட்டுமே பிடிக்கிறவர் கைக்குச் சிக்கும். அதனால் நம் நாட்டுச் சட்டமும் சரி, வேட்டையை அனுமதிக்கும் நாடுகளின் சட்டமும் சரி, கையில் வைத்திருக்கும் தோட்டாவையே தனியாக எண்ணிப் பார்க்கின்றன.

தோட்டா என்றால் எது?

நம் பக்கத்தில் இந்த ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் இருக்கிறது. செய்தி குழப்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

1. கடைத் தோட்டா. ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் ரைபிளுக்கும் தொழிற்சாலையில் செய்து வருவது. உரிமம் உள்ளவருக்கு மட்டுமே விற்பார்கள்.

2. நாட்டுத் துப்பாக்கிச் சரக்கு. இதில் தோட்டா என்று ஒரு பொருளே கிடையாது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியோ தேங்காய் நாரோ வைத்துக் கெட்டித்து, மேலே ரவையைப் போடுவார்கள். செய்தித்தாளில் வரும் ‘பால்ரஸ் குண்டு’ பெரும்பாலும் இந்த ரவைதான். பின்பக்கம், தட்டினால் பொறி பறக்கும் ஒரு கேப்பு. இதெல்லாம் தனித்தனிப் பொட்டலமாக இருந்தாலும் போலீஸ் கணக்கில் துப்பாக்கிச் சரக்குதான்.

3. வெடித் தோட்டா. கிணறு வெட்டவும் பாறை உடைக்கவும் வைப்பது. கடலில் மீன் பிடிக்கத் திருட்டுத்தனமாகப் போடுவதும் இந்த இனம். காட்டுப்பன்றி கடித்தால் வெடிக்கும்படி வைக்கும் அவுட்டுக்காயும் ஏறத்தாழ இதே குடும்பம். இதற்கு 1908-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் போன்றவை வரும், தண்டனையும் கடுமை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை.

ஒரு கடைத் தோட்டாவைக் கையில் எடுத்தால்

12 போர் தோட்டா ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்த பிளாஸ்டிக் குழாய். அடியில் பித்தளை நிறத்தில் ஒரு தொப்பி. தொப்பியின் நடுவில் சட்டைப் பொத்தான்போல ஒரு சின்ன வட்டம். அந்த வட்டம்தான் உயிர்நிலை. துப்பாக்கியின் ஊசி அதில் தட்டியதும் பொறி பறந்து உள்ளே உள்ள மருந்து எரியும், அந்த வாயு அழுத்தத்தில் மேலே இருக்கும் ஈய ரவை குழல் வழியாகப் பாயும். சுட்டு வாய் விரிந்த பிறகு அளக்கும் நீளம் வழக்கமாக 70 மி.மீ., சுடாத தோட்டாவின் எடை 40 முதல் 50 கிராம். 25 கொண்ட ஒரு பெட்டி ஒரு கிலோவைத் தாண்டும்.

‘12 போர்’ என்ற பெயர் எப்படி வந்தது? ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக உருட்டினால், ஒரு உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுதான் குழலின் உள்விட்டம். சுமார் 18.5 மி.மீ. ஆகவே எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். 20 போர் 12 போரைவிடச் சிறியது. இதை மறக்கக் கூடாது, உயிர்போகும் விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

வேட்டைக்குப் போகிறவர் ஏன் கூடுதலாக எடுத்துப் போகிறார்?

வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இதற்கு மூன்று காரணம் சொல்வார்கள்.

1. காயம்பட்ட விலங்கு. முதல் குண்டு சரியான இடத்தில் படாவிட்டால் விலங்கு ஓடிப்போய் எங்கோ கிடந்து துடிக்கும். அதைத் தேடிப்போய் முடித்துவைப்பது வேட்டைக்காரரின் கடமை என்பது அங்கே எழுதாத விதி. கூடுதல் தோட்டாவுக்கு நியாயமான காரணம் என்று நான் ஒத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

2. வெடிக்காமல் போகும் தோட்டா. ஈரம், பழசு, தயாரிப்புக் குறை, ஏதோ ஒன்று. ‘சடக்’ என்று சத்தம் மட்டும் கேட்கும். உடனே துப்பாக்கியைத் திறக்கவே கூடாது. சில சமயம் உள்ளே மருந்து மெதுவாகப் பற்றிக்கொண்டிருக்கும். குழலை ஆளில்லாத திசையில் பிடித்தபடி குறைந்தது அரை நிமிடம் பொறுத்துத்தான் எடுப்பார்கள்.

3. ரவை அளவு. சின்னப் பறவைக்கு ஒன்று, பெரிய விலங்குக்கு வேறொன்று.

மான் வேட்டைக்கு ரைபிளுடன் போகிறவர்கள் வழக்கமாகப் பத்து தோட்டாவுக்குள் எடுத்துப்போவார்கள். வாத்து வேட்டை என்றால் 25 உள்ள ஒரு பெட்டி. இதோடு அங்கேயும் விஷயம் முடிந்துவிடவில்லை. வாட்ஸ்அப் படத்தில் தெரியாத பகுதி இதுதான்:

அமெரிக்காவில் வலசைப் பறவைகளைச் சுடும் துப்பாக்கிக்குள் பொதுவாக மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. அதற்காகவே தோட்டா அறைக்குள் கட்டை செருகி வைக்கிறார்கள். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை அங்கே நாடு முழுக்க 1991-இல் தடை செய்தார்கள். சுடுவதற்கு மட்டுமா தடை? வாத்து வேட்டையில் இருக்கும்போது ஈய ரவைத் தோட்டா பையில் இருந்தாலே குற்றம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி 15 முதல் இதையே கொண்டுவந்தது: சதுப்பு நிலத்திலும் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவையைச் சுடக் கூடாது, அங்கே வேட்டைக்குப் போகிறவர் கையில் வைத்திருக்கவும் கூடாது. பிரிட்டனில் ரைபிள் சான்றிதழிலேயே எத்தனை தோட்டா வாங்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்று எழுதியிருக்கும்.

ஆக, அங்கேயும் யாரும் இஷ்டத்துக்கு மடி நிறைய அள்ளிக்கொண்டு போவதில்லை.

கலந்து வைத்தால் குழல் வெடிக்கும்

மேலே சொன்ன 20 போர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பையில் 12 போர் தோட்டாவும் 20 போர் தோட்டாவும் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இருட்டில் கைக்கு வந்த 20 போரை எடுத்து 12 போர் துப்பாக்கியில் போட்டால், அது சிறியது என்பதால் அடியில் நிற்காமல் உள்ளே வழுக்கிப் போய் குழலின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். ‘போடவே இல்லை போல’ என்று நினைத்து ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னால் அடைப்பு. குழல் பிளந்துவிடும், அதுவும் முன்கையால் தாங்கிப் பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. விரல்கள் போகும், கண் போகும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் வந்தது. ஆனால் டார்ச் வெளிச்சத்தில் நிறம் பார்த்து எடுக்கிறவர் எத்தனை பேர்?

நம் கரைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. உப்புக்காற்று. மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ வீட்டுக் கதவுக் கொண்டி எத்தனை மாதத்தில் துருவேறுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டாவின் அடித்தொப்பிக்கும் அதே கதிதான். பித்தளை என்றால் பச்சைக் களிம்பு, இரும்பு என்றால் துரு. பழைய அட்டைத் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதிக்கொண்டு அறைக்குள் போகவே போகாது. மேலே நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் உள்ளே மருந்து நமத்திருக்கலாம். அது பாதி எரிந்து, ரவையைக் குழலுக்குள்ளேயே நிறுத்திவிட்டால் மறுபடியும் அதே அடைப்புக் கதை.

நாட்டுத் துப்பாக்கிக்காரர் நிலை இன்னும் மோசம். கடைத் தோட்டா குழலுக்கு வெளியே எதேச்சையாக வெடித்தாலும், சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கக் குழல் இல்லாததால் ரவை முழு வேகத்தில் போகாது. ஆனாலும் ஓடு சிதறிக் காயப்படுத்தும். கரிமருந்து அப்படி இல்லை. ஒரு பீடிப் பொறி போதும், மொத்தப் பொட்டலமும் ஒரே வீச்சில் எரிந்துவிடும். மருந்தை மடியில் கட்டிக்கொண்டு போவது என்றால் நெருப்பைக் கட்டிக்கொண்டு போவதுதான்.

சட்டம் எப்படிப் பார்க்கிறது: முதலில் ஆயுதச் சட்டம்

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 3-ஆம் பிரிவு. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் வைத்திருக்கவும் எடுத்துப்போகவும் கூடாது. ‘துப்பாக்கியோ தோட்டாவோ’ என்பதில் உள்ள அந்த ‘ஓ’தான் டீக்கடைக் கேள்விக்குப் பதில். துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் இருந்தாலும் பிரிவு பொருந்தும். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை 2 ஆண்டுக்குக் குறையாத, 5 ஆண்டு வரையிலான சிறை.

உரிமம் இருந்தால்? உரிமப் புத்தகத்தில் இரண்டு எண்கள் இருக்கும்: ஓர் ஆண்டில் எத்தனை வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை கையில் இருக்கலாம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடைக்காரர் அதில் பதிந்து தருவார். ‘கூடுதல்’ என்று நாம் பேச்சில் சொல்வது அந்த இரண்டாவது எண்ணைத் தாண்டக் கூடாது. உரிம நிபந்தனையை மீறினால் 30-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம், உரிமத்துக்கும் ஆபத்து.

அப்புறம், தெரியாமல் வைத்திருந்தால் என்ன? இங்கே நீதிமன்றங்கள் ஒரு கோட்டைக் கிழித்திருக்கின்றன. ஒரு பொருள் தன்னிடம் இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அப்போதுதான் அது சட்டத்தின்படி ‘வைத்திருத்தல்’. உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கிலும், 1994-இல் சஞ்சய் தத் வழக்கிலும் இதைச் சொன்னது. விமான நிலையத்தில் பைக்குள் மறந்துபோன ஒற்றைத் தோட்டா சிக்கிய வழக்குகள் சிலவற்றை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்ததும் இந்த அடிப்படையில்தான். ஆனால் நள்ளிரவில் டார்ச்சும் துப்பாக்கியும் மருந்துமாக நிற்கிறவர் ‘தெரியாது’ என்று சொல்ல வழியில்லை.

இரண்டாவது சட்டம், நம் கண்மாய்கள்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அட்டவணையில் உள்ள விலங்குகளை வேட்டையாடக் கூடாது என்கிறது 9-ஆம் பிரிவு. வேட்டை என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் அகலமானது. கொல்வது மட்டுமல்லாமல் பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, முட்டை எடுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். முயலும் கவுதாரியும் கொக்கும் நாரையும்கூடப் பாதுகாப்பில் உள்ளவை. மயில் உச்சப் பாதுகாப்பு பெற்ற முதல் அட்டவணையில் இருக்கிறது. சில ஏர்கன்களுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் அதை வைத்துப் பறவை சுடலாம் என்று நினைக்கிற இளைஞர்கள் உண்டு. அது தவறு. எதனால் கொன்றாலும் வேட்டை வேட்டைதான்.

பலருக்குத் தெரியாத இடம் இனிமேல்தான் வருகிறது. இந்தச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே தோட்டாவும் சேர்ந்திருக்கிறது. 31-ஆம் பிரிவின்படி, எழுத்துபூர்வ முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுச் சட்டைப் பையில் நாலு தோட்டாவுடன் சரணாலயத்துக்குள் நடந்தாலே குற்றம்.

வேறு மாவட்டத்தில் இது பெரிதாக உறைக்காமல் போகலாம். இங்கே உறைக்கும். சரணாலயம் என்றதும் வேலி போட்ட காடு நம் நினைவுக்கு வரும். ராமநாதபுரத்தில் சரணாலயம் என்பது ஊர்க் கண்மாய். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் (1989), மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர் (1998), தேர்த்தங்கல் (2010), சக்கரக்கோட்டை (2012) எல்லாமே பாசனக் கண்மாய்கள்தான். கரையில் மாடு போகும், பெண்கள் விறகோடு வருவார்கள், பைக் போகும். மழை முடிந்த மாதங்களில் உள்ளே கருவேல மரங்களின் தலையில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டியிருக்கும். அங்கே ஒரு வெடிச்சத்தம் கேட்டால் சுட்ட பறவையோடு போவதில்லை. மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பும், முட்டையும் குஞ்சும் வெயிலிலும் காகத்தின் கண்ணிலும் திறந்து கிடக்கும். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருப்பது இதை அறிந்துதான்.

34-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சரணாலயத்திலும் அதைச் சுற்றி 10 கி.மீ.க்குள்ளும் குடியிருக்கும் துப்பாக்கி உரிமதாரர்கள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பெயரைப் பதிய வேண்டும். அந்த வட்டத்துக்குள் புதிய உரிமம் கொடுக்கவும் அவருடைய முன் இசைவு வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் இதே விதி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வரைபடத்தை விரித்து ஒவ்வொரு கண்மாயைச் சுற்றியும் 10 கி.மீ.க்கு ஒரு வட்டம் போட்டு, தீவுகளுக்கும் போட்டுப் பாருங்கள். சக்கரக்கோட்டை வட்டத்தில் ராமநாதபுரம் நகரமே வரும். தீவுகளின் வட்டத்தில் மண்டபமும் வேதாளையும் வரும்.

சரணாலயத்துக்குள் வேட்டை என்றாலோ, முதல் அட்டவணை விலங்கு என்றாலோ தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டி, துப்பாக்கி எல்லாம் அரசுச் சொத்தாகிவிடும்.

பன்றித் தொல்லைக்கு இது தீர்வா?

கேட்க வேண்டிய கேள்வி. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேலப் புதரில் பதுங்கும் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் சோளத்தையும் நிலக்கடலையையும் உழுதுபோட்டதுபோல ஆக்கிவிடும். அந்த விவசாயியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க ஆயுதச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அது துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம். பன்றியைச் சுடும் அனுமதி வேறு, அது வன உயிரினச் சட்டத்தின் கீழ் வர வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர். விவசாயி கையில் தோட்டா வருவதற்கு அதில் இடமில்லை.

விழுந்த ரவை எங்கே போகிறது?

பிரிட்டிஷ் எண் முறையில் 6-ஆம் எண் ரவை 28 கிராம் கொண்ட ஒரு தோட்டாவில் ஏறத்தாழ 270 ரவைகள் இருக்கும். பறவை மேல் படுவது சில. மற்றதெல்லாம் கண்மாய்ச் சேற்றில் இறங்கும். வாத்துக்குப் பல் கிடையாது. தின்ற தானியத்தை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும். ரவையும் அதன் கண்ணுக்குச் சின்னக் கல்தான். அரைபடும்போது ஈயம் கரைந்து ரத்தத்தில் கலக்கும். கழுத்து தொங்கி, பறக்க முடியாமல், தீனி செரிக்காமல் மெலிந்து சாகும். ஒன்றிரண்டு ரவையே ஒரு வாத்தைக் கொல்லப் போதும். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த நீர்நிலைகள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் பையில் இருக்கும் ஈயத் தோட்டாவையே தடுத்ததன் காரணம் இதுபோன்ற சேறுதான்.

பழைய தோட்டா கிடைத்தால்

இந்தக் கரையில் இது கற்பனைக் கேள்வி இல்லை. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகப் பழைய தோட்டாக்கள் வெளிவந்தன. இலங்கைப் போர்க்காலத்தில் புதைத்தவை. தாத்தா காலத்து உரிமம் காலாவதியாகி, பரணில் தோட்டாப் பெட்டி மட்டும் கிடக்கும் வீடுகளும் உண்டு.

1. மண்ணில் கிடைத்தால் தொடாதீர்கள், கழுவாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். அடித்தொப்பியின் நடுவட்டம் எத்தனை பழசானாலும் உயிரோடு இருக்கலாம். சிறுவர்களை அப்புறப்படுத்திவிட்டு 100-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். இருக்கிறது என்று தெரிந்த பிறகும் சொல்லாமல் வைத்திருந்தால்தான் அது உங்கள் தோட்டா ஆகிறது.

2. வீட்டில் உரிமம் முடிந்தோ உரிமதாரர் இறந்தோ போயிருந்தால், ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். முதலில் போன் செய்து சொல்லிவிட்டு, பழைய உரிமப் புத்தகம் இருந்தால் அதையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒப்படைத்ததற்கு எண்ணிக்கை எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 17 தோட்டா கொடுத்தால் ரசீதில் 17 என்று இருக்க வேண்டும்.